சாமி இல்லாமல் போனால் முதலில் யாருக்குத் தெரியும்?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகர், ஜூலை 14

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடவுள் இருந்தார், இன்று ராத்திரியோடு இல்லை. மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லவில்லை, ஆளே இல்லை. நாளைக்கு உலகம் எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் பயம் விட்டுப்போகும், ஒரு மாதத்தில் ஊர் நாறிவிடும், பூட்டு வியாபாரம் ஒன்றுதான் நடக்கும். இல்லை என்கிறவர்கள் காரணத்தோடு சொல்லவும்.

காசிமேட்டுக் கடைக்காரன், ஜூலை 14, இரவு

பூட்டு வியாபாரம் இப்போதே ஜோராகத்தான் நடக்கிறது, அதுவும் கோயிலுக்குள்ளேயே. உண்டியலில் தொங்குவது என்ன? அதற்கு மேலே கேமரா வேறு. உண்டியலை உடைக்கிறவன் சாமிக்கு நேரெதிரே நின்றுதான் உடைக்கிறான். சாமி பார்க்கிறாரே என்று அவன் கை நடுங்குவதில்லை, கேமராவைத்தான் முதலில் திருப்பி வைக்கிறான். ஆகவே பயத்தை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லுங்கள்.

காசிமேட்டில் போட் இன்ஜின் ஸ்பேர் கடை வைத்திருக்கிறேன். நாளைக்கு விடியுமுன்னே ஏலம் நடக்கும், ஐஸ் உடைப்பார்கள், வஞ்சிரம் விலை கேட்டு வழக்கம்போல் தலை சுற்றும். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது.

ஜூலை 15

படுத்த பிறகு தோன்றியது, இதில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. கடவுள் போய்விட்டார், யாருக்கும் தகவல் இல்லை, இது ஒன்று. போய்விட்டார், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இது வேறு. நான் நேற்று சொன்னது முதல் கேள்விக்கு. அதுகூட எந்தக் கடவுள் என்பதைப் பொறுத்து மாறும்.

மண்ணடியில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் இருக்கிறார், நிறையப் படிப்பவர். அவரிடம் போனில் கேட்டேன். "இமாம் கஸ்ஸாலி ஒரு உதாரணம் சொல்வாரு தம்பி. நெருப்பு பஞ்சை எரிக்கிறதுன்னு நாம நினைக்கிறோம். நெருப்பு பஞ்சைத் தொடுற ஒவ்வொரு தடவையும் எரிய வைக்கிறது இறைவன்தான்." கஸ்ஸாலி 1111இல் காலமான இஸ்லாமிய அறிஞர். அவர் கணக்குப்படி கேள்வியில் இருக்கும் 'நாளைக்கு' என்பதே கிடையாது. உலகத்தை ஒவ்வொரு கணமும் ஒருவர் நடத்துகிறார், அவர் கையை எடுத்துவிட்டால் பஞ்சும் இல்லை, நெருப்பும் இல்லை, என் கடையும் இல்லை.

சைவ சித்தாந்தத்தில் கதை வேறு. பதி, பசு, பாசம், அதாவது கடவுள், உயிர், உயிரைக் கட்டிப்போடும் அழுக்கு, மூன்றுமே அநாதி, ஆரம்பம் இல்லாதவை. உயிர்களைக் கடவுள் படைக்கவில்லை, உயிரைப் பிடித்த ஆணவ மலத்தையும் அவர் படைக்கவில்லை, அவையும் அவரைப்போலவே எப்போதும் இருப்பவை. பதியை மட்டும் எடுத்துவிட்டால் நாமும் நம்மைப் பிடித்த அழுக்கும் அப்படியே மிச்சம். யோசித்தால் இதுதான் இருப்பதிலேயே பயங்கரமான பதில். உலகம் அழியாது, ஆனால் இதிலிருந்து வெளியே வர வழியே இருக்காது.

சௌகார்பேட்டையில் எனக்கு பேரிங் கொடுக்கும் சேட் ஜைனர். படைத்தவன் என்று ஒருவன் அவர் மதத்தில் ஆரம்பத்திலிருந்தே இல்லை. வினை தானாக ஒட்டும், தானாகத்தான் உதிர்க்கவேண்டும். கடவுள் காலியான செய்தியைச் சொன்னால் "அச்சா, பழைய பாக்கி எப்போ?" என்றுதான் கேட்பார்.

ஜூலை 18

இன்னொன்று விட்டுப்போயிற்று. சைவத்தில் சிவனுக்குச் சொல்லும் ஐந்தொழிலில் படைத்தல், காத்தல், அழித்தலுக்கு அடுத்தது மறைத்தல். உயிர்கள் தங்கள் வினையை அனுபவித்துத் தீர்க்கும்வரை உண்மையை மறைத்து வைப்பதும் சாமி பார்க்கிற வேலைதான். அப்படியானால் மறைந்திருக்கிறாரா, இல்லாமலே போய்விட்டாரா என்று எதை வைத்துப் பிரித்துச் சொல்வது?

திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருடம் முழுக்கக் கவசம் போட்டிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுப்பார்கள், கூட்டம் தேரடி தாண்டி நிற்கும். மற்ற நாளெல்லாம் நாம் கும்பிடுவது கவசத்தை. உள்ளே இருக்கிறாரா என்று யாரும் தட்டிப் பார்த்ததில்லை, பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ஜூலை 21, ஆடி ஞாயிறு

தெருமுனையில் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு எழுதுகிறேன், கருவாட்டுக் குழம்போடு. சாமி இல்லாமல் போனால் இந்தக் கூழ் ஊற்றுவது நிற்குமா? நிற்காது. சந்தா வசூலிக்கும் பையன்கள் இருக்கும்வரை நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை லீவு போய்விடுமே என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். ரஷ்யாவில் அதைச் செய்தே பார்த்தார்கள். 1929இல் ஏழு நாள் வாரத்தை எடுத்துவிட்டு ஐந்து நாள் வாரம் வைத்தார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வண்ணம், அந்த வண்ணத்துக்கு ஒரு நாள் லீவு. மில் ஒரு நாளும் நிற்காது, சர்ச்சுக்குப் போக எல்லோருக்கும் பொதுவான நாளும் இருக்காது. என்ன ஆயிற்று? புருஷனுக்கு ஒரு நாள் லீவு, பெண்டாட்டிக்கு இன்னொரு நாள். கடவுளை விரட்டப் போய்க் குடும்பம் சேர்ந்து சாப்பிடுவது நின்றுபோயிற்று. நடுவில் ஆறு நாளாக மாற்றிப் பார்த்து, 1940இல் பழையபடி ஏழு நாளுக்கே வந்துவிட்டார்கள். வட சென்னையில் இதை யாராவது முயற்சி செய்தால் முதல் ஞாயிறே கறிக்கடை வாசலில் கலவரம்.

ஜூலை 27

சட்டப்படி என்ன ஆகும் என்ற கேள்வியில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. எங்கள் வீடு இருப்பது கோயில் இடத்தில். வீடு எங்களுடையது, அடிமனை சாமியுடையது. மாதாமாதம் அடிமனை வாடகை கட்டுகிறோம், சமீபத்தில் ஏற்றியும்விட்டார்கள். எந்தக் கோயில் என்பது வேண்டாம், மனு நிலுவையில் இருக்கிறது. உரிமையாளரே இல்லாமல் போய்விட்டால் வாடகையை யாருக்குக் கட்டுவது? இப்படி ஒரு நப்பாசையோடு தெரிந்த வக்கீலிடம் கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

சட்டத்துக்கு சாமி இருக்கவேண்டும் என்று அவசியமே இல்லையாம். கோயில் தெய்வம் சட்டத்தில் ஒரு நபர் என்பதை 1925இலேயே பிரிவி கவுன்சில், வெள்ளைக்காரன் காலத்தில் லண்டனில் இருந்த கடைசி அப்பீல் கோர்ட், சொல்லிவிட்டது. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். மைனர் பிள்ளை மாதிரி, அவருக்காக வேறு யாராவது கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பக்கம் பத்தூர் கோயிலில் மண்ணுக்கடியில் இருந்த நடராசர் சிலை 1970களில் தோண்டி எடுக்கப்பட்டுக் கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்தது. அதைத் திரும்பக் கேட்டு லண்டன் கோர்ட்டில் நின்றவர்களில் இந்திய அரசும் தமிழக அரசும் உண்டு, அந்தக் கோயிலும் அங்கிருந்த சிவலிங்கமும் உண்டு. 1991இல் மேல்முறையீட்டிலும் கோயில் பக்கமே ஜெயித்தது, நடராசர் தமிழ்நாடு திரும்பினார். தீர்ப்புச் சொன்ன ஆங்கிலேய நீதிபதிகள் சிவபெருமான் இருக்கிறாரா என்று விசாரிக்கவில்லை. கோயிலுக்கு உரிமை உண்டா என்று மட்டும் பார்த்தார்கள்.

ஆகையால் கடவுள் காலமானாலும் அடிமனை வாடகை தொடரும். அறநிலையத் துறையில் ஒரு நாற்காலிகூட நகராது.

ஆகஸ்ட் 3

இதுவரை எழுதியதெல்லாம் வேடிக்கை. இன்று கடன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் எங்கே இருக்கிறது என்று பட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதத்தில்தான் போட்டைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். பம்ப், கியர், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், எல்லாச் செலவும் அப்போதுதான் வரும், வருமானம் மட்டும் வராது. ஆகவே எல்லாம் கடன். இந்தக் கடனுக்கு ஸ்டாம்ப் பேப்பரும் கிடையாது, அடமானமும் கிடையாது. கடை வாசலில் நின்று ஒரு வாக்கியம்: "சாமி சத்தியமா சொல்றண்ணா, தடை முடிஞ்சி மொத ட்ரிப்பு வந்தவுடனே குடுத்துடறேன்." சிலர் கங்கையம்மன் பேரில், சிலர் மாதா பேரில், ஒருத்தர் அல்லா மேலே. நானும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

ஆக என் கடையில் கடவுள்தான் ஜாமீன். எல்லாக் கடனுக்கும் ஒரே ஜாமீன்தாரர். அவர் ராத்திரியோடு இல்லாமல் போய், அந்தச் செய்தி காசிமேட்டுக்கும் வந்துவிட்டால் அடுத்த தடைக்காலத்தில் என்ன சொல்லிக் கடன் கேட்பார்கள்? நான் எதை நம்பிக் கொடுப்பேன்?

ஆகஸ்ட் 4

"குழந்தை மேல் சத்தியம் செய்யச் சொல்லுங்கள்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். என் கடையில் அது கூடாது. அதைக் கேட்டுவிட்டுப் பொருளை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வராது.

ஆகஸ்ட் 6

கோர்ட்டைப் பாருங்கள் என்கிறார் வக்கீல் நண்பர். சாட்சிக்கூண்டில் கடவுள் பேரில் சத்தியம் செய்யலாம், மனசாட்சிப்படி உறுதி சொல்கிறேன் என்றும் சொல்லலாம், 1969ஆம் வருடச் சட்டப்படி இரண்டும் ஒன்றுதான். பொய் சொன்னால் தண்டனையும் ஒன்றுதான். மந்திரிகள் பதவி ஏற்கும்போதும் அதே கதை, கடவுள் பேர் சொல்கிறவர்கள் ஒரு பக்கம், உளமார என்கிறவர்கள் ஒரு பக்கம்.

சரிதான். ஆனால் அங்கே பின்னால் போலீஸ் இருக்கிறது, ஜெயில் இருக்கிறது. என் கடைக்குப் பின்னால் இருப்பது ஐஸ் ஃபேக்டரி.

ஆகஸ்ட் 11

மூன்றாம் தேதி எழுதியதில் ஒரு இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. கடவுள் ஜாமீன் என்றேன். நிஜமாகவே ஜாமீனா? நோட்டில் இருக்கும் பேர்களை எடுத்துக்கொண்டு பார்த்தேன். கொடுக்கிறவர்கள் சத்தியம் செய்தாலும் கொடுக்கிறார்கள், செய்யாவிட்டாலும் கொடுக்கிறார்கள். இழுத்தடிக்கிறவர்களும் அப்படியே. சாமி சொல்லி வசூலான கடன் என்று ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியாது. எந்த சாமியும் வந்து பாக்கி கட்டியதில்லை.

அப்புறம் எதற்கு அந்த வாக்கியம்? அது எனக்காகச் சொல்வது இல்லை என்று இப்போது படுகிறது. சொந்தமாக போட் வைத்திருப்பவர், பத்து ஆளுக்குச் சம்பளம் கொடுப்பவர், என் கடை வாசலில் நின்று கையேந்துவது போல ஆகக்கூடாது. சாமி சத்தியமா என்றதும் நடுவில் ஒருத்தர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் கேட்பது என்னிடம் இல்லை, நான் கொடுப்பது அவருக்கு இல்லை, இருவரும் அந்த நடு ஆளோடு கணக்கு வைத்துக்கொள்கிறோம். யாரும் யாருக்கும் கீழே இல்லை. அந்த நடு ஆள் போய்விட்டால் மிஞ்சுவது கொடுக்கிறவன், கேட்கிறவன் இரண்டே பேர். கடனைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 12

சத்தியம் என்று பேச்சு வந்தபின் திருவொற்றியூர்க்காரர்கள் யாரும் சுந்தரரை இழுக்காதது ஆச்சரியம். நானே இழுக்கிறேன்.

தேவாரம் பாடிய சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார் என்று மனைவி இருக்கிறார். ஒற்றியூர் வந்த இடத்தில் சங்கிலியாரைப் பார்த்துவிட்டார். பெண் கேட்டால், "உன்னைப் பிரிய மாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்" என்பார்களே. அதனால் முன்கூட்டியே சிவனிடம் போய் ஒரு உதவி கேட்கிறார்: நான் சத்தியம் செய்ய வரும்போது நீர் சன்னிதியில் இருக்கவேண்டாம், கொஞ்ச நேரம் வெளியே அந்த மகிழமரத்தடியில் போய் இரும்.

பெரிய புராணத்தில் வருகிறது, நான் கட்டிவிடவில்லை. நம் தண்டையார்பேட்டைக்காரர் கேட்ட அதே கேள்வி: சாமி இல்லாத சன்னிதியில் செய்த சத்தியம் செல்லுமா? செல்லாது என்பதுதான் சுந்தரர் போட்ட கணக்கு. உள்ளே ஆள் இல்லை என்பது தனக்கு மட்டும் தெரியும், சங்கிலியாருக்குத் தெரியாது. பதினைந்தாம் தேதி நான் பிரித்த இரண்டு கேள்வியையும் ஒரே ஏற்பாட்டில் போட்டுவிட்டார்.

சிவன் சரி என்றார். சரி என்றுவிட்டு நேரே சங்கிலியார் கனவில் போய், அவனை மகிழமரத்தடியில் சத்தியம் செய்யச் சொல் என்று போட்டுக்கொடுத்துவிட்டார். மறுநாள் சுந்தரர் சன்னிதிக்குக் கூப்பிட, சங்கிலியாரின் தோழிகள் மரத்தடியைக் காட்ட, வேறு வழியில்லாமல் அங்கேயே சத்தியம். பிறகு அதை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றைக்கும் நடக்கிறது, போய்ப் பாருங்கள்.

நண்பன் என்று நம்பிச் சொன்ன ரகசியத்தை சாமி காப்பாற்றவில்லை என்று சின்ன வயதில் சிவன் மேல் எனக்குக் கோபம். இப்போது கடைக்காரன் ஆனபின் சங்கிலியார் பக்கம் நிற்கிறேன். கடன் கொடுத்தவள் அவள்.

ஆகஸ்ட் 24

நடு ஆள் போனால் அந்த இடம் காலியாக இருக்காது என்று பெரியார் பற்றாளர் ஒருவர் எழுதியிருப்பது சரி, ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக இல்லை. சுயமரியாதைத் திருமணத்தை உதாரணம் காட்டுகிறார்: 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டமே ஆயிற்று, ஐயர் இல்லை, அக்கினி இல்லை, கடவுள் இல்லை, கல்யாணம் நடக்கவில்லையா? நடந்தது. என் அத்தை கல்யாணமே வியாசர்பாடியில் அப்படித்தான் நடந்தது. ஆனால் போட்டோவைப் பாருங்கள். நடுவில் தலைவர் நிற்கிறார், தாலியை அவர் எடுத்துக் கொடுக்கிறார். சாமி எழுந்துபோன நாற்காலியில் துண்டு போட்டவர் உட்கார்ந்திருக்கிறார்.

அதே 1967இல் அல்பேனியா தன்னை நாத்திக நாடு என்று அறிவித்தது. சர்ச், மசூதி எல்லாவற்றையும் மூடினார்கள். நாற்காலியில் அந்த ஊர்த் தலைவர் ஹோஜாவே ஏறி உட்கார்ந்தார், இறந்தபின் சிலையாக. 1991இல் ஜனங்கள் அந்தச் சிலையை இழுத்துப் போட்டார்கள். ஒற்றியூர் சாமி அவராக இறங்கி மரத்தடிக்குப் போனார், இந்த மாதிரி ஆட்கள் லேசில் இறங்குவதில்லை.

நாத்திகம் ஏதோ வெளியூர்ச் சரக்கு என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். 1880களில் இந்தச் சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒன்று இருந்தது. 'தத்துவ விவேசினி' என்ற பத்திரிகையில் வாராவாரம் கடவுளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அது தொடங்கிய 1882இல்தான் ஜெர்மனியில் நீட்சே, கடவுள் இறந்துவிட்டார் என்று சந்தையில் கத்துகிற பைத்தியக்காரனை எழுதினார். அங்கே கத்தியவனை ஒருவரும் நம்பவில்லை. இங்கே பத்திரிகைக்கு வாசகர் கடிதம் வந்துகொண்டிருந்தது. நம் கடற்கரை மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலரும் கடவுளை விடாமல் கேள்வி கேட்டவர்தான். ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்கு அவர் பேர். உள்ளே எல்லா மேஜையிலும் சாமி படம்.

செப்டம்பர் 1

கொரோனா வந்த 2020ஐ யாரும் பேசவில்லையே. மார்ச்சில் மூடிய பெரிய கோயில்கள் செப்டம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய ஒத்திகை அது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? மூடிய கதவுக்கு வெளியே ரோட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். எங்கள் தெருமுனை அம்மனுக்குக் கதவே கிடையாது, மூட வழியில்லை, அவளுக்கு அந்த வருடம் நல்ல கூட்டம். எனக்கு மறக்க முடியாதது சாவு வீடுதான். மேளம் இல்லை, கானா இல்லை, நாலு பேர் தூக்கிப் போனார்கள். கடவுள் இல்லாததை எப்படியோ சமாளித்தோம், ஆள் இல்லாததைச் சமாளிக்க முடியவில்லை.

செப்டம்பர் 8

திட்டுவதைப் பற்றி.

2004 டிசம்பர் 26 காலையில் போட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. என் ஆயா கரையில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "தாயா நீ? சோறு போட்ட கையாலயே அடிக்கிறியே!" கடலம்மாவைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டாள். அடுத்த அமாவாசைக்கு அதே இடத்தில் கற்பூரம் ஏற்றினாள், முறைத்துக்கொண்டே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு தொழிற்சாலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரமெல்லாம் படிந்தது. வலை, படகு, சதுப்பு எல்லாம் கறுப்பு. மீனவர்கள் பிளாஸ்டிக் முகவையால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். அந்தக் கரையில் ஒருத்தரும் கடலம்மாவைத் திட்டி நான் கேட்கவில்லை. யாரைத் திட்டவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடவுள் இல்லாமல் போனால் இந்த இரண்டாவது வகைத் திட்டு அதிகமாகும் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தெரிந்து உருப்படியான ஒரே லாபம். தண்ணீர் ஏன் தேங்கியது, யார் வாய்க்காலை அடைத்தது என்று கேட்டே ஆகவேண்டும், விதி என்று விட முடியாது. ஆனால் சுனாமிக்கு? ஆயா யார் மேல் மண்ணை வாரி வீசுவாள்? நிலத்தட்டுகள் மேலேயா?

செப்டம்பர் 10

"ஊழ் இருக்கிறதே, கடவுள் எதற்கு" என்று குறளைக் காட்டியிருக்கிறார்கள். ஊழைத் திட்டிப் பாருங்கள், திருப்தியே இருக்காது.

அக்டோபர் 5

திருப்பதிக்குக் குடை கொண்டுபோகும் ஊர்வல நெரிசலில் யானைகவுனி தாண்ட முடியாமல் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றேன். குடை கவுனி தாண்டுகிறதைப் பார்க்க அவ்வளவு ஜனம். பக்கத்தில் நின்ற பையன் என் பழைய வாடிக்கை, ஃபைபர் போட்காரன். முகம் வாடியிருந்தது. கேட்டேன்.

போன தடைக்காலத்தில் என்னிடம் ஏற்கெனவே பாக்கி இருந்ததால் வர வெட்கப்பட்டு, போனில் ஏதோ ஒரு கடன் செயலியில் பணம் எடுத்திருக்கிறான். தவணை தள்ளியதும் அவன் போனில் இருந்த எல்லா நம்பருக்கும் அவன் படத்தைப் போட்டு அசிங்கமாகச் செய்தி போயிருக்கிறது. மாமியார் வீடு, ஏலக்காரர், சர்ச் ஃபாதர், எல்லோருக்கும். எனக்குக்கூட வந்தது, ஏதோ மோசடி என்று அழித்துவிட்டிருந்தேன். இப்படித் தொடர்பு எண்களை எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே விதி போட்டிருக்கிறது. விதி தெரிந்தவனா அந்தச் செயலியை நடத்துகிறான்?

வீட்டுக்கு வந்து இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். சாமி இல்லாத உலகத்தில் கடன் எப்படி இருக்கும் என்று ஆகஸ்டில் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது ஏற்கெனவே போனில் இருக்கிறது. வங்கியில் எல்லாம் அறிந்தவர் இடத்தில், நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று கணக்கு வைக்கும் சிபில் உட்கார்ந்து 300க்கும் 900க்கும் நடுவில் நமக்கு ஒரு எண் போடுகிறார், அது இல்லாதவனுக்கு இந்தச் செயலி. இரண்டிலும் யாரும் சத்தியம் கேட்பதில்லை. பழைய நடு ஆளிடம் ஒரு நல்ல குணம் இருந்தது, ஊரெல்லாம் போய்ச் சொல்லமாட்டார். சங்கிலியார் விவகாரத்தில் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடன் கொடுத்தவளிடம் மட்டும்தான் சொன்னார், ஒற்றியூர் முழுக்க இல்லை.

நவம்பர் 9

தண்டையார்பேட்டைக்காரர் மறுபடி வந்து, "இவ்வளவு நீட்டினீர்களே, உங்களுக்குக் கடவுள் இருக்கிறாரா இல்லையா, ஒரே வரியில் சொல்லுங்கள்" என்கிறார்.

கண் போன சுந்தரர் திருவெண்பாக்கம் போய்ச் சேர்ந்து இதையேதான் கேட்டார், கோயிலுக்குள் இருக்கிறீரா என்று. உள்ளேயிருந்து வந்த பதில்: "உளோம் போகீர்." இருக்கிறோம், போங்கள் என்று. கவுண்ட்டரில் தலை நிமிராமல் சொல்கிறவர்கள் தோரணை. கண் கொடுக்கவில்லை, ஊன்றிக்கொள்ளக் கோல் ஒன்று கொடுத்து அனுப்பினார். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும்தான் கிடைத்தது. அந்த வெண்பாக்கம் வேறெங்கும் இல்லை, நம் பூண்டிதான். 1940களில் ஏரி கட்டியபோது பழைய கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போக, சாமியைக் கரைக்குக் கொண்டுவந்து புதுக் கோயிலில் வைத்தார்கள். அந்த ஏரித் தண்ணீரைத்தான் மெட்ரோ வாட்டர் என்று குடம் வைத்துப் பிடிக்கிறோம். ஒற்றியூரில் நண்பன் கேட்டு இடம் மாறினவர், பூண்டியில் குடிநீர் ஏரிக்காக மாறியிருக்கிறார். அவர் இருக்கிறாரா என்று என்னைக் கேட்டால், எங்கேயோ மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது வரைக்கும்தான் சொல்ல முடியும்.

நவம்பர் 10

அந்த ஃபைபர் போட் பையன் இன்று கடைக்கு வந்தான். பாக்கியில் பாதியைக் கொடுத்தான். மீதி தை மாதத்துக்குள் என்றான். சத்தியம் எதுவும் வரவில்லை, நானாகவே கேட்டேன், எந்த சாமி மேல் என்று.

"சாமியெல்லாம் வேணாண்ணா. உங்க மேல சத்தியமா குடுத்துடறேன்."

அது மட்டும் வேண்டாம், கங்கையம்மன் பேரையே சொல்லு என்றேன். சொன்னான். நோட்டில் எழுதிக்கொண்டேன்.